வெறும்வயிற்றுக்கு வந்த வாக்கு

பெத்தேல்விளையில் சர்க்கரை பார்க்கிற தாளில் தீர்க்கதரிசனம் வர ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்கு. வானம் திறக்கவில்லை, பூமி அதிரவில்லை, எதிர்த்த டீக்கடையில் பால்கூடப் பொங்கி வழியவில்லை. சாரோன் ரத்தப் பரிசோதனை நிலையத்தின் பிரிண்டர் எப்போதும்போல இரண்டு தரம் இருமிவிட்டுத் தாளைத் துப்பியது, அவ்வளவுதான். ரிட்டயர்டு வாத்தியார் ஜெபமணி சாரின் தாள் அது. வெறும்வயிற்றுச் சர்க்கரை நூற்றெண்பத்திரண்டு என்ற வரிக்குக் கீழே, பியூலா கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு மேலே, அவள் அடிக்காத ஒரு வரி நல்ல கறுப்பில் உட்கார்ந்திருந்தது. ‘உன் நாவுக்கு இனிப்பை விலக்கினாய், உன் நாவினாலே உன் மருமகளுக்குப் பரிமாறுகிற கசப்பையோ விலக்காதேபோனாய், என்று கர்த்தர் சொல்லுகிறார்.’

பியூலா அதை ஒரு தரம் வாசித்தாள். கம்ப்யூட்டரில் தேடினாள், அங்கே அந்த வரி இல்லை. மறுபடியும் அடித்தாள், மறுபடியும் வந்தது. காலை ஐந்தரையிலிருந்து நிற்கிற கால், முழங்காலுக்குக் கீழே முறுக்கிக்கொண்ட நரம்பு, வெளியே பெஞ்சில் வெறும்வயிற்றோடு கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிற பதினேழு பேர். ஆச்சரியப்படுவதற்கும் மனுஷிக்குக் கொஞ்சம் தெம்பு வேண்டாமா? அவள் கையெழுத்தைப் போட்டு, தாளை மடித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளின் கையில் பட்டையைக் கட்டினாள்.

இருபத்திரண்டு வருஷமாக அந்த ஊரின் ரத்தம் அவள் கைவழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. யாருக்கு எந்தக் கையில் நரம்பு எழும்பும், யார் ஊசியைப் பார்த்தால் மயங்குவார், யார் நேற்று ராத்திரி புரோட்டா தின்றுவிட்டு இன்று வெறும்வயிறு என்று பொய் சொல்லுகிறார் எல்லாம் அவளுக்குத் தெரியும். லேப் முதலாளி டவுனில் இருந்தார், மாதம் ஒருமுறை வந்து மின்விசிறியைப் பார்த்துவிட்டுப் போவார். பியூலா குத்தினால் வலிக்காது, பியூலா சொன்னால் தப்பாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த டியூபை எடுப்பாள். அது ஏன் என்று பிறகு சொல்லுகிறேன்.

அன்று பதினோரு மணிக்குள் பதினேழு பேருக்கும் வந்துவிட்டது. ரோஸ்லின் மைனிக்குக் கொழுப்புக்குக் கீழே, ‘டிவியில் பொய்யாய் அழுகிறவளுக்காக நாள்தோறும் அழுகிறாய், மதிலுக்கு அப்புறத்தில் மெய்யாய் அழுகிறவளுக்கோ உன் கதவைச் சாத்தினாய்’ என்று வந்தது. மனை விற்கிற ஆசீருக்கு, ‘பிளாட்டுகளுக்கு எல்லைக்கல் நட்டாய், குளத்தின் எல்லையை அறியேன் என்கிறாய், தண்ணீர் தன் வீட்டுக்கு வழி கேட்கிறதில்லை’ என்று வந்தது. பஸ் கண்டக்டர் இசக்கிமுத்து சபைக் கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காத ஆள், அம்மன் கொடைக்குத் தீச்சட்டி எடுக்கிறவர். அவருக்கு, ‘நிறுத்தம் இல்லாத இடத்திலே அந்தக் கிழவிக்காக நீ விசில் ஊதினதை நான் கேட்டேன்’ என்று வந்தது. அதுதான் சபையாரை ரொம்பச் சுட்டது. வருஷப்பிறப்புக்கு வருஷப்பிறப்பு வாக்குத்தத்த அட்டை எடுத்து, ஆசீர்வாதத்தைத் தவிர வேறு வசனம் அந்தப் பெட்டியில் இருக்காது என்று நம்பி, அதைச் சட்டம் போட்டு ஃபிரிட்ஜுக்கு மேலே மாட்டி வைக்கிற ஜனம் அது. தங்களுக்கு வசவும் இசக்கிமுத்துவுக்குப் பாராட்டுமா?

தாள்களைத் தூக்கிக்கொண்டு ஐயரிடம் போனார்கள். அந்தப் பக்கத்துச் சபைகளில் போதகருக்கு ஐயர் என்றுதான் பேர். வேதமணி ஐயர் அடுத்த மாற்றலுக்காகப் பாதிச் சாமான்களை அட்டைப்பெட்டியிலேயே வைத்துக் குடியிருந்தவர். எந்த வசனம் எங்கே இருக்கிறதென்று காட்டுகிற தடிப் புத்தகத்தை எடுத்து, இரண்டு நாள் தேடினார். ஒரு வரியும் அகப்படவில்லை.

“நடை வேதத்து நடைதான்,” என்றார் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு. “தொனியும் அதுதான். ஆனா குளத்துக்குள்ள பிளாட் போட்டதப் பத்தி வேதத்துல எங்கய்யா இருக்கு?”

“அப்ப இது கர்த்தரா, இல்லையா?” என்று கேட்டார் கமிட்டிச் செயலர் பொன்னுதுரை. எதையும் தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

“சொன்னதுல பொய் இருக்கா?” என்றார் ஐயர்.

கமிட்டியாருக்குப் பொய் இல்லை என்பதுதானே சங்கடம். கடைசியில், மேற்படி வரிகள் மருத்துவக் குறிப்பாகக் கருதப்படும், வேதபாடமாகக் கருதப்படமாட்டாது என்று தீர்மானம் எழுதினார்கள். ஐயரும் கையெழுத்துப் போட்டார். அவருக்கும் அலுத்துப் போயிருந்தது.

அதற்குப் பிறகு ஊர் அந்த அதிசயத்தை எப்படித் தின்று செரித்தது என்பதைத்தான் சொல்ல வேண்டும். முதல் மாதம் நடுங்கினார்கள். நோய் இல்லாதவர்களும் வந்தார்கள், பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள், விடியுமுன்னே வரிசை டீக்கடையைத் தாண்டிப் பஸ் ஸ்டாப் வரைக்கும் நின்றது, வெறும்வயிறாக இருந்தால்தான் வாக்கு தெளிவாக வரும் என்று ஒருத்தி கிளப்பிவிட, முப்பது வருஷமாக ஒரு வேளை உபவாசம் இருக்காதவர்களெல்லாம் பன்னிரண்டு மணிநேரம் பட்டினி கிடந்து வந்தார்கள். ஜெபமணி சார் மருமகளிடம் பதினோரு நாள் மரியாதையாகப் பேசினார். ரோஸ்லின் மைனி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி ஒரு கிண்ணம் பாயசம் கொடுத்தாள். ஆசீர் மட்டும் குளத்தைப் பார்க்காமல் வேறு வழியாக வீட்டுக்குப் போனார்.

இரண்டாம் மாதம் ஆளுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வந்த வாக்கு தனக்கில்லை என்பதுதான் அது. “எனக்கு ஓ பாசிட்டிவ்,” என்றாள் ரோஸ்லின் மைனி. “ஓ பாசிட்டிவ் ரத்தம் பாசிட்டிவ் உள்ள எல்லாத்துக்கும் ஏத்தலாம்லா? அப்ப வசனமும் அப்படித்தான. இது எங்க நாத்தனாளுக்குள்ளது.” சொல்லி வாய் மூடுமுன்னே ஊர் முழுக்க அது ஞானமாகப் பரவிவிட்டது. வாக்குகள் ரத்த வகைப்படி கைமாறத் தொடங்கின. மாமியார் தாளை மருமகளும், மருமகள் தாளை மாமியாரும் செல்போனில் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைத்தார்கள். ஏபி பாசிட்டிவ்காரர்களின் ரத்தம் தங்களுக்குள்ளேயே தவிர வேறு யாருக்கும் ஏறாது என்பதால், அவர்களுக்கு வந்த கடுமையான வாக்குகளைத் தள்ளிவிட ஆளில்லாமல் அவர்கள் மட்டும் கொஞ்சம் வாடிப்போய்த் திரிந்தார்கள்.

மூன்றாம் மாதம் பழகிப்போனது. “சுகர் எவ்வளவு?” “நூத்தி நாப்பது.” “வாக்கு?” “அது கெடக்கு.” இவ்வளவுதான். தாளை வாங்கினவர்கள் எண்களைப் பார்த்தார்கள், நின்றபடியே மடித்தார்கள், மாத்திரை வாங்கக் கிளம்பினார்கள். கர்த்தர் பேசினார், பேசினார், தினமும் காலை ஐந்தரையிலிருந்து பதினொன்று வரைக்கும் பேசினார். யாரும் கேட்காத இடத்தில் பேசிப் பேசித் தொண்டை வறண்டவர்போல வாக்குகளும் வரவரச் சுருங்கிப்போயின. ‘மறுபடியும் நீயா’ என்று ஒருவருக்கு வந்தது. ஆசீருக்கு, ‘தண்ணீர்’ என்று ஒரே சொல்.

பொன்னுதுரைதான் கத்தரிக்கோலைப் பழக்கினவர். தன் தாள் பிரிண்டரை விட்டு வெளியே வருமுன்னே உள்ளே வந்து நின்றுகொண்டு, “யம்மா பியூலா, எனக்கு நம்பர் மட்டும் போதும். வாலை வெட்டிரு,” என்றார். வெட்டின துண்டை அவள் குப்பையில் போடப் போக, அதையும் பிடுங்கி, அங்கேயே வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டார். வேதத்தில் சுருளைத் தின்ற தீர்க்கதரிசிக்குப்போலத் தேனாய் இனித்ததா என்று யாரும் கேட்கவில்லை. அதிலிருந்து வால் வெட்டுகிறது வழக்கமாயிற்று. பியூலாவுக்கு அதுவும் ஒரு வேலை. நாள் ஒன்றுக்கு எண்பது வால், நூறு வால். வெட்டி வெட்டிக் கட்டைவிரல் காய்த்துப்போனது. அவள் எதையும் வாசிப்பதில்லை. வாசிக்கப் பயந்தாள். இவ்வளவு பேருடைய தாளில் ஏதோ ஒன்றில் தன் பேர் வந்துவிடும் என்று, அந்த முதல் செவ்வாய்க்கிழமை சாயங்காலத்திலிருந்தே அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

பதினாலு வருஷத்துக்கு முந்தின கதை அது. அந்தச் சேகரத்துச் சபைகளில் கல்யாணம் என்றால், ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, தடை சொல்லுகிறவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு ஆராதனையில் அறிக்கை. மூன்றாவது ஓலைக்கு முன்னால் மாப்பிள்ளை, பெண் இரண்டு பேருடைய ரத்தப் பரிசோதனைச் சீட்டும் கமிட்டி கைக்கு வந்தாக வேண்டும். எப்சிபாவுக்கு அப்போது இருபத்துநாலு வயசு. சபைப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். இரண்டு ஓலை வாசித்தாயிற்று.

அது சபையார் எல்லாரும் கூடியுண்ணுகிற அசனம் நடக்கிற வாரம். வெளியூரில் வேலை பார்க்கிறவர்களெல்லாம் ஊருக்கு வந்து, வந்த கையோடு ரத்தமும் பார்த்துவிட்டுப் போகலாமே என்று லேபில் குவிந்திருந்தார்கள். முதலில் டியூபில் பேரை ஒட்டு, அப்புறம் ஊசியை எடு என்பதுதான் தொழிலின் முதல் பாடம். அன்று அவசரத்தில் பியூலா மூன்று பேருக்கு ரத்தம் எடுத்து, டியூபுகளை வரிசையாக ஸ்டாண்டில் வைத்து, பேரைப் பிறகு ஒட்டிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். போன் வந்தது. பேசிவிட்டுத் திரும்பினபோது யாரோ மேஜையைத் துடைக்க ஸ்டாண்டை எடுத்துத் திருப்பி வைத்திருந்தார்கள். அவள் அதைக் கவனிக்கவில்லை. வழிப்போக்காக வந்த ஒரு லாரி டிரைவரின் எச்.ஐ.வி. எப்சிபாவின் பேரில் ஏறிக் கமிட்டிக்குப் போனது.

மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை. அவ்வளவு போதாதா? சபை முழுவதும் திரும்பி எப்சிபாவின் பெஞ்சைப் பார்த்தது. மாப்பிள்ளை வீட்டார் சாயங்காலமே தட்டுகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பியூலாவுக்கு மறுநாளே சந்தேகம் வந்தது. மிச்சமிருந்த ரத்தத்தில் வகை பார்த்தாள். எப்சிபாவின் பழைய தாளில் இருந்த வகை வேறு, டியூபில் இருந்த வகை வேறு. டிரைவரை எதையோ சொல்லி வரவழைத்து, சரியாகப் பார்த்து, பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தாள். அதைச் செய்ய முடிந்தது. எப்சிபாவுக்குச் செய்ய வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்ல முடியவில்லை. ஓலைதான் நின்றுவிட்டதே, இனிச் சொல்லி என்ன என்று ஒரு நாள் நினைத்தாள், வேலை போய்விடுமே என்று ஒரு நாள் நினைத்தாள், பயம்தான், வேறென்ன. எப்சிபாவின் அப்பா மகளை மதுரைக்குக் கூட்டிப்போய் நோய் இல்லை என்று சீட்டு வாங்கி வந்தார். காசு கொடுத்து வாங்கின சீட்டு என்றது ஊர். பியூலா சொன்னால் தப்பாதே.

அந்த வாரத்தில் ஒருநாள் எப்சிபாவே வந்தாள். உட்காரவில்லை. “எக்கா, மாறிருக்குமாக்கா?” என்று கேட்டாள்.

“சோதனை பொய் சொல்லாது எப்சி,” என்றாள் பியூலா.

இருவருக்கும் பேர் வைத்தது ஒரே ஐயர்தான். வேதத்தில் ஒரே வசனத்துக்குள்ளே பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற இரண்டு பேர்கள் அவை, கைவிடப்பட்டவள் என்று இனி யாரும் உன்னைச் சொல்லமாட்டார்கள் என்று ஆறுதல் சொல்லுகிற வசனம். எப்சிபாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். அப்பா போய்ச் சேர்ந்தார். அவள் இப்போது பைபாஸ் ரோட்டு பெட்ரோல் பங்கில் வண்டிகளுக்குப் பெட்ரோல் போடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருவாள், கடைசி பெஞ்சு, இடது வாசல் ஓரம். திருவிருந்தில் எல்லாரும் ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் குடித்த பிறகு கடைசியாகத்தான் அந்தப் பாத்திரத்தில் வாய்வைப்பாள். அப்படிச் செய் என்று யாரும் சொல்லவில்லை. தானாகவே அப்படி ஆகிப்போனது. தானாக ஆகிறதுதான் அந்த ஊரில் எல்லாம்.

ஐப்பசி மழை பிடித்த ஒரு புதன்கிழமை காலை எப்சிபா லேபுக்கு வந்தாள். பதினாலு வருஷத்தில் முதல் தடவை. பங்கில் தலைசுற்றி விழுந்துவிட்டாளாம், ரத்தம் பார்த்துச் சீட்டோடு வா என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம். முப்பத்தெட்டு வயசுக்கு அதிகமாகவே நரை. கையை நீட்டினாள். பியூலா அவள் முகத்தைப் பார்க்காமல் நரம்பை மட்டும் பார்த்து எடுத்தாள்.

பிரிண்டர் இருமியது. மூன்று மாதமாக எதையும் வாசிக்காத பியூலா அதை வாசித்தாள். ‘உன் வழக்கை நான் மறக்கவில்லை, அது உன் ரத்தத்தை எடுத்தவளின் வாயில் இருக்கிறது.’

கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருந்தது. பழகின கை. வெட்டிவிட்டாள்.

எப்சிபா தாளை வாங்கிப் பார்த்தாள். திருப்பியும் பார்த்தாள். “எனக்கு ஒண்ணும் வரலையாக்கா?”

“வரல.”

“எல்லாத்துக்கும் வருதுன்னாங்க.”

“சில ஆளுக்கு வராது.”

“சரி,” என்றாள் எப்சிபா. கோபம் இல்லை, குறை இல்லை. பஸ் போய்விட்டது என்றால் சொல்லுகிற சரி. குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள். அந்தச் சரிதான் பியூலாவைக் கொன்றது. ஊர் அவளைக் கைவிட்டது பழைய கதை, கர்த்தரும் கைவிட்டார் என்று இன்று ஒரு சீட்டு எழுதிக்கொடுத்தது யார்?

மதியம் ஆள் ஓய்ந்ததும் பியூலா வாசல் கதவைச் சாத்தினாள். இடது கையில் பட்டையைப் பல்லால் இழுத்துக் கட்டி, தன் ரத்தத்தைத் தானே எடுத்தாள். அன்று காலையிலிருந்து அவள் வயிற்றில் ஒன்றும் போகவில்லை. என்ன வந்தாலும் வரட்டும், வசையோ சாபமோ, தலையில் இடியோ, ஒன்று வந்து விழுந்தால் ஆறுதலாக இருக்கும் என்று பிரிண்டர் முன்னால் நின்றாள். சர்க்கரை இருநூற்றுப் பத்து. அதற்குக் கீழே வெள்ளைத்தாள். மறுபடியும் அடித்தாள், வெள்ளைத்தாள். நாலாவது தாளில் அவளுக்கு விளங்கியது. அவளுக்குச் சொல்ல வேண்டியதை ஒருத்தி எப்போதோ வந்து, எக்கா என்று கூப்பிட்டு, கேட்டுவிட்டுப் போயிருந்தாள். இனிப் பேச வேண்டியது கர்த்தர் இல்லை. பியூலா தரையில் உட்கார்ந்து அழுதாள்.

சனிக்கிழமை ஐயர் வீட்டுக்குப் போனாள். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் அவர் பிரசங்கம் எழுதிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பேனாவை மூடிவைத்தார்.

“அந்தப் பிள்ளைகிட்ட சொல்லிட்டியாம்மா?”

“தனக்கு நோய் இல்லன்னு அவளுக்குத் தெரியும் ஐயரே. ஊருக்குத்தான் தெரியாது.”

“கமிட்டியைக் கூட்டி அங்க சொல்லேன்.”

“கமிட்டியில சொன்னா தீர்மானம் எழுதிருவாங்க. நாளைக்கு ஓலை வாசிக்கிற நேரத்துல எனக்கு ரெண்டு நிமிஷம் தாங்க.”

“அது கல்யாண அறிக்கைக்குள்ள நேரம்லா.”

“இதுவும் கல்யாண அறிக்கைதான். வாசிக்காம விட்டீங்களே, அந்த மூணாவது ஓலை.”

அப்போது இருந்த ஐயர் அவர் இல்லை. ஆனாலும் அவர் தலையைக் குனிந்துகொண்டு, சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மழை வெறித்து நல்ல வெயில். திருவிருந்து ஞாயிறு வேறு, கோயில் நிறைந்திருந்தது. இரண்டு ஓலை வாசித்து முடித்ததும் ஐயர் மைக்கை விட்டு விலகி நின்றார். பியூலா போய் நின்றாள். சபை அவளை அன்போடு பார்த்தது; அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“பதினாலு வருஷத்துக்கு முன்ன எப்சிபா பேருக்கு நான் குடுத்த சீட்டு தப்பு,” என்றாள். “அந்த ரத்தம் அவளுது இல்ல. டியூப்ல பேர் ஒட்டாம வச்சது நான். மறுநாளே எனக்குத் தெரியும். அவ வந்து கேட்டா. மாறலன்னு சொன்னேன். போன புதன்கிழமை அவளுக்கு வாக்கு வந்துது. அதையும் வெட்டிட்டு, வரலன்னு சொன்னேன். வந்தது இதுதான்.” கைக்குட்டையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து வாசித்தாள். ‘உன் வழக்கை நான் மறக்கவில்லை, அது உன் ரத்தத்தை எடுத்தவளின் வாயில் இருக்கிறது.’ “எப்சிபாவுக்கு எந்த நோயும் இல்ல. இருந்ததும் இல்ல. தடை இல்லை.”

மூன்று மாதமாகக் கர்த்தர் எழுதின ஆயிரக்கணக்கான வரிகளை அசையாமல் செரித்த சபை, ஒரு லேப்காரி மைக்கில் சொன்ன பத்துப்பன்னிரண்டு வாக்கியத்தைச் செரிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தது. கடைசி பெஞ்சில் எப்சிபா எழுந்தாள். பையை எடுத்தாள். அவளுக்குப் பதினோரு மணி டியூட்டி. இடது வாசல் வழியாக இறங்கி, யாரையும் பார்க்காமல், பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். திருவிருந்தில் எல்லாரும் குடித்து முடித்த பிறகு, பழக்கத்தில், பாத்திரம் கொஞ்ச நேரம் ஒரு ஆளுக்காகக் காத்திருந்தது. அப்புறம் ஐயரே மீதியைக் குடித்துத் துடைத்து வைத்தார்.

திங்கட்கிழமையிலிருந்து தாள்களில் எண்கள் மட்டுமே வந்தன. சர்க்கரை, கொழுப்பு, உப்பு, கையெழுத்து. வாக்கு நின்றுவிட்டது. அப்போதுதான் ஊருக்கு அதன் அருமை தெரிந்ததாம். “எவ்வளவு அழகா பேசிக்கிட்டு இருந்தாரு,” என்று ரோஸ்லின் மைனி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இவ பாவந்தான் அவர வெரட்டிட்டு,” என்றார் பொன்னுதுரை. “அப்ப எனக்கு இத்தன வருஷம் வந்த சுகர் எவனுக்குள்ளதோ?” என்று ஜெபமணி சார் மருமகளிடம் எரிந்து விழுந்தார். எப்சிபாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினது யார், பாத்திரத்தை அவள் வாய்க்குக் கடைசியாக விட்டது யார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. லேப் முதலாளி போனில், மாசக் கடைசி வரை இரு, அதுக்குள்ள வேற ஆள் பாக்குதேன் என்றார். வரிசை பக்கத்து ஊர் லேபுக்குப் போய்விட்டது. பியூலா காலி பெஞ்சுக்கு எதிரே மூன்று நாள் சும்மா நின்றாள்.

நாலாம் நாள், வியாழக்கிழமை காலை, எப்சிபா வந்தாள். பெட்ரோல் பங்க் சட்டையோடு வந்திருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து கையை மேஜைமேல் வைத்தாள்.

“மூணு மாசத்துச் சுகரும் சேத்துப் பாக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

“வேற எங்கயாவது போயிருக்கலாமே எப்சி.”

“போயிருக்கலாம்.”

பியூலா முதலில் பேரை எழுதி டியூபில் ஒட்டினாள். பட்டையைக் கட்டினாள். ஊசியை வைத்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் தப்பாத கை அதை நரம்புக்குப் பக்கத்தில் இறக்கியது. ரத்தம் வரவில்லை. எப்சிபாவின் முகம் சுளித்தது. பியூலா ஊசியை உருவிப் பஞ்சை வைத்து அழுத்தினாள்.

“எக்கா,” என்றாள் எப்சிபா. “மன்னிச்சிட்டேன்னு நெனச்சிராதீங்க. அது இன்னும் எனக்கு வரல. நேத்துலருந்து பச்சத்தண்ணி குடிக்கல, தலைய சுத்துது. இன்னொருக்க குத்துங்க.”